கங்கைக்குப் போன மரப்பாச்சி

கவலைப்படுவதில் பத்மஜாவுக்கு ஈடாக ஒருத்தரை அந்தச் சந்தில் காட்ட முடியாது. வங்காளத் தலைநகரத்தில், டாக்குரியா ஸ்டேஷனில் இறங்கி ஏரிப் பக்கம் நடந்தால் வருகிற மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி அவளுடையது. அங்கே தமிழ்க் குடும்பம் அது ஒன்றுதான். ஆனாலும் வங்காளிகள் உட்பட எல்லோருக்கும் அவள் மாமி. பிறந்தது கிடர்பூர் துறைமுகக் குவார்ட்டர்ஸில். அப்பா ஜெய்ராமுக்குக் கப்பல் வருகிற நேரம்தான் ஆபீஸ் நேரம். அவர் வீடு திரும்புகிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகின பெண், கடைசிவரை அந்த ஜன்னலை விட்டு நகரவே இல்லை என்று அவள் அம்மா சொல்லிச் சிரிப்பாள். வளர்ந்து வேலைக்குப் போனதும் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு. ஊராருடைய கவலையையெல்லாம் வாங்கி அடுக்கி வைக்கிற இடம். அவளுக்கென்றே கட்டின மாதிரி.

கல்யாணம் பண்ணிக்கொண்டது கிரிதரை. கஸ்டம்ஸில் இருந்த வெங்கடராமனுக்கும் சாவித்ரிக்கும் பிறந்தவன். அப்பா உட்கார்ந்த அதே கிடர்பூர் ஆபீசில் அவனும் உட்கார்ந்தான். அவனுக்கு மூத்தவள் லக்ஷ்மி, டாலிகஞ்சில் வாழ்க்கைப்பட்டவள். லக்ஷ்மிக்கு வருண், அனந்த் என்று இரண்டும் ஆண். பெண் கிடையாது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

பத்மஜாவுக்கு ஒரே பெண், மதுவந்தி. பதினாறு வயசு, வாய் ஓயாது. அந்தப் பெண்தான் மாணவர் பரிமாற்றம் என்கிற பேச்சை வீட்டுக்குள் கொண்டுவந்தாள். இங்கிருந்து ஒரு பிள்ளை வெளிதேசம் போய் ஒரு குடும்பத்தோடு ஒரு வருஷம் தங்கிப் படிக்கும்; அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வந்து தங்கும். உலகத்தில் சண்டை குறைய வேண்டுமானால் ஒருத்தர் வீட்டுச் சோற்றை இன்னொருத்தர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை. பாங்கில் ஆபீசராக இருந்து ரிடையரான சேஷாத்ரிதான் இங்கே அதன் பொறுப்பாளர். அவர் வந்து பேசியதில் கிரிதர் சரி என்றுவிட்டான். பத்மஜா ஏழு வியாதியும் பதினாலு விபத்தும் சொல்லிப் பார்த்தாள், பலிக்கவில்லை. ஆகஸ்டு மாதத்தில் மதுவந்தி பின்லாந்துக்கு விமானம் ஏறினாள். அடுத்த வாரமே பின்லாந்திலிருந்து ஆய்னோ வந்து மதுவந்தியின் கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

சணல் நார் மாதிரித் தலைமுடி, நெடுநெடுவென்று உயரம், நல்ல குணம். ஆனால் பேச மாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். கேட்காவிட்டால் சும்மா இருப்பாள். சாப்பாட்டு மேஜையில் கால்மணி நேரம் ஒருத்தரும் வாய் திறக்காமல் இருந்தால் அவளுக்கு அது ஒரு குறையாகவே தெரியாது. பத்மஜாவுக்கோ மூச்சு முட்டும். உப்பு கூடிவிட்டதா, ரசம் காரமா, நாம் ஏதாவது சொல்லிவிட்டோமா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் அவளே எதையாவது பேசி அந்த இடத்தை அடைப்பாள்.

இதற்கு உள்ளே ஒரு காரணம் இருந்தது. அதைப் பத்மஜா யாரிடமும் சொன்னதில்லை, கிரிதரிடம்கூட. இந்தப் பெண்ணுக்கு இந்த வீட்டில் என்ன நடக்கிறதோ அது அந்த வீட்டில் தன் பெண்ணுக்கு நடக்கும் என்று அவள் மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். ஆய்னோவுக்குச் சளி பிடித்தால் மதுவந்திக்குத் தொண்டை கட்டும். ஆய்னோ ஒரு கரண்டி கூடச் சாப்பிட்டால் அங்கே மதுவந்திக்கு வயிறு நிறையும். அப்படியிருக்க ஆய்னோவிடம் ஒரு சுடுசொல் சொல்லலாமா? இங்கே ஒரு வார்த்தை தடித்தால் அங்கே முகம் தெரியாத ஒருத்தி தன் பெண்ணைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்லுவாள். ஆகையால் பத்மஜா அந்தப் பெண் என்ன செய்தாலும் நல்லது, ரொம்ப நல்லது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கீழ்வீட்டு வங்காளி ஷிப்ராவை ஆய்னோ காகிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவாள். அவளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆய்னோ மீன் முள்ளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பாள், தப்பு செய்தால் தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தப் பெண் அங்கே போய் உட்கார்ந்து வங்காளம் கற்றுக்கொண்டது. அது வேறு பத்மஜாவுக்குக் கவலை.

நவராத்திரி வந்தது. பத்மஜா வீட்டுக் கொலுவுக்கு மேல்படியில் ஒரு மரப்பாச்சி ஜோடி உண்டு. செஞ்சந்தன மரம், கை பட்டுப் பட்டு மழமழவென்று ஆனது. அது வந்த வழி இது: சாவித்ரியின் அத்தைக்குக் கல்யாணச் சீராக வந்தது; அத்தைக்குப் பிள்ளைப்பேறு இல்லாததால் சாவித்ரிக்கு; சாவித்ரியிடமிருந்து நியாயப்படி லக்ஷ்மிக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அந்தக் குடும்பத்தில் மரப்பாச்சி பெண்ணிடமிருந்து பெண்ணுக்குத்தான் போகும். லக்ஷ்மிக்கு இரண்டும் பிள்ளையாகப் போனதில், மதுவந்தி பிறந்த வருஷம் சாவித்ரி அதைத் தூக்கிப் பேத்தியின் தொட்டிலில் வைத்துவிட்டாள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிறவரை பத்மஜா காவல், அவ்வளவுதான். லக்ஷ்மி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷமும் முதல்நாள் சாயங்காலமே டாலிகஞ்சிலிருந்து வந்து, மரப்பாச்சியை மட்டும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைப்பாள். புடவை கட்டிவிட்டது சரியில்லை என்பாள்.

இந்த வருஷம் மதுவந்தி இல்லாததால் மரப்பாச்சிப் பெண்ணுக்குப் புடவை கட்டினது ஆய்னோ. மணிக்கணக்காக உட்கார்ந்து மடிப்பு மடிப்பாக வைத்துக் கட்டினாள். லக்ஷ்மிக்கே குற்றம் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

அதே நாட்களில் வெளியே துர்கா பூஜை. பகலெல்லாம் ஆய்னோ ஷிப்ராவோடு பந்தல் பந்தலாகச் சுற்றுவாள், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பத்மஜாவோடு கொலுவுக்கு உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சுண்டல் கொடுப்பாள். இரண்டு பக்கத்தையும் அந்தப் பெண் கண் கொட்டாமல் பார்த்தது. பார்த்ததையெல்லாம் தனக்குள் சேர்த்துக் கோர்த்துக்கொண்டே வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

விஜயதசமி சாயங்காலம் பத்மஜா ஆரத்தி எடுத்துவிட்டு, வழக்கப்படி ஒரு பொம்மையைச் சாய்த்து வைத்தாள். கொலு முடிந்தது என்பதற்கு அது அடையாளம்; அன்றைக்கு ராத்திரி பொம்மைகள் தூங்க வேண்டும், மறுநாள் எடுத்துத் துணி சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். அவர்கள் வீட்டில் மரப்பாச்சிப் பெண்ணைத்தான் படுக்க வைப்பார்கள். படுக்க வைத்து, மேலே ஒரு கைக்குட்டையைப் போர்த்திவிட்டு, பத்மஜா இடுப்பு வலிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். கீழே துர்கையை லாரியில் ஏற்றிவிட்டார்கள். டாக் மேளச் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. துர்கையைக் கரைக்கிற கங்கைப் படித்துறையான பாபுகாட்டுக்கு ஆய்னோ ஷிப்ரா குடும்பத்தோடு போவது என்று முன்னாடியே ஏற்பாடு.

மறுநாள் காலையில் பொம்மை அடுக்கும்போது மரப்பாச்சிப் பெண்ணைக் காணோம். கைக்குட்டை மட்டும் மடித்து வைத்திருந்தது. பத்மஜா படியைப் பிரித்தாள், ஸோபாவைத் தள்ளினாள், வேலைக்கு வருகிறவளைக் கூப்பிட்டு விசாரித்தாள். கிரிதர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், எங்கே போயிருக்கும், காலா இருக்கு என்றான். அந்த நேரத்தில் ஆய்னோ தூங்கி எழுந்து வந்தாள். முகம் பூரித்திருந்தது. வந்த நாளாக அவள் தானாகவே வாய் திறந்து நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவள் சொன்னது இங்கிலீஷும் வங்காளமும் கலந்து. நம் பேச்சில் சொன்னால் இப்படி:

"நான் அவளைக் கொண்டு போனேன் மாமி. துர்காவோடு சேர்த்து அனுப்பினேன். படித்துறையில் எல்லாரும் தண்ணிக்குள்ள இறங்கினாங்க, நானும் இறங்கினேன். மதுவந்தி இருந்தா அவள் செஞ்சிருப்பாள். உங்களுக்கு இடுப்பு வலி, அதனால நான் செஞ்சேன்."

பத்மஜாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது கையில் இருந்த தஞ்சாவூர்ப் பொம்மையைக் கீழே வைத்தாள். எல்லாப் பந்தலிலும் பூஜை முடிந்ததும் சாமி ஆற்றுக்குப் போகிறது. இந்த வீட்டிலும் அதே நாளில் பூஜை முடிந்து ஒரு பொம்மையைப் படுக்க வைக்கிறார்கள். ஆகவே அதுவும் போக வேண்டியதுதான் என்று அந்தப் பெண் கணக்குப் போட்டிருக்கிறது. அதிலும் கேட்காமல் செய்யவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்த கிரிதரிடம், இவள் முடிந்துவிட்டாளா என்று கேட்டிருக்கிறது. அவன், ஆச்சு ஆச்சு, எல்லாம் முடிஞ்சுது என்று சொல்லியிருக்கிறான். அடுத்த வருஷம் மறுபடி வருவாள் என்று படித்துறையில் அத்தனை ஜனமும் கத்தினதைக் கேட்டு, வருஷா வருஷம் புதுப் பொம்மை வரும் போலிருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

பத்மஜா கிரிதரைப் பார்த்தாள். கிரிதர் பேப்பரைக் கீழே வைத்திருந்தான். ஆய்னோ பதிலுக்காக நின்றாள்.

"நல்லது" என்றாள் பத்மஜா. சிரிக்கக்கூடச் சிரித்தாள். "ரொம்ப நல்லது பண்ணினேம்மா."

அந்தச் சிரிப்போடு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். பொம்மை போனது ஒரு பக்கம். மதுவந்திக்கென்று தொட்டிலில் வைத்த பொம்மை, மதுவந்தி கண்காணாத தேசத்தில் இருக்கிறபோது, ஆற்றோடு போயிருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுகையோடு போயிருக்கும். நல்லது என்று சொன்னதால் அது வளர ஆரம்பித்தது. அந்த ஊர்க்காரர்கள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறவர்கள். ஆய்னோ அதைத் தன் அம்மா அப்பாவிடம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் சொன்னாள். ஜோடியில் மிஞ்சி, பெட்டிக்குள் போகாமல் அலமாரியில் நின்ற ஆண் மரப்பாச்சியைத் தினமும் பார்த்து, இவர் ஏன் போகவில்லை என்று கேட்டாள். பத்மஜா ஏதோ சொல்லி மழுப்பினாள்.

அதற்குமேல் சேஷாத்ரி போன் பண்ணினார். வந்திருக்கிற பிள்ளைகள் சங்கத்து ஹாலில் ஒரு கூட்டத்தில் பேச வேண்டும். அமைதியும் பண்பாட்டுப் புரிதலும் என்று தலைப்பு. ஆய்னோ தன் பேச்சைப் பற்றிச் சொன்னாள், பிரமாதம், உங்க வீட்டுப் பொம்மையை அவளே கங்கையில் விட்ட கதையைப் படத்தோடு சொல்லப் போகிறாளாமே, இங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டா, எனக்கே தெரியாதே என்றார். பத்மஜா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள். ஊர்த் தமிழ்க் குடும்பம் பாதி வரும், லக்ஷ்மிக்கும் சொல்லிவிட்டேன், முதல் வரிசை என்றார் அவர்.

அன்றிலிருந்து பத்மஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த ஹால் தெரியும். ஆய்னோ மேடையில் நின்று படத்தைக் காட்டுவாள். தமிழ்ப் பொம்மனாட்டிகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். யாராவது ஒருத்தி களுக்கென்று சிரிப்பாள். லக்ஷ்மி எழுந்திருப்பாள். அந்தப் பெண் அத்தனை பேர் நடுவில், தான் செய்தது என்ன என்று தெரிந்துகொள்ளும். அதற்கப்புறம் இந்த வீட்டில் ஒரு வாய்ச் சோறு தின்னுமா? வீடு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால் சங்கம் மாற்றித்தான் கொடுக்கும். சேதி அந்தப் பக்கமும் போகும். அங்கே மதுவந்தியை என்ன பார்வை பார்ப்பார்கள்?

சொல்லிவிடேன் என்றான் கிரிதர். நீங்கதானே ஆச்சு ஆச்சுன்னேள், நீங்களே சொல்லுங்கோ என்றாள். அவன் அன்றைக்கு ஆபீசிலிருந்து லேட்டாக வந்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மத்தியானம் மதுவந்தி கூப்பிடுவாள். முதல் மாதமெல்லாம் அவள் பேச்சுக்கு அணை போட முடியாது. இப்போது அவளும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று சுருங்கியிருந்தாள். ஒரு ஞாயிறு அவள், மரப்பாச்சியைக் காட்டேம்மா, பார்க்கணும் போல இருக்கு என்றாள். பெட்டியில் போட்டுக் கட்டிப் பரண்மேல் ஏற்றியாச்சு என்று பத்மஜா பெற்ற பெண்ணிடமே பொய் சொன்னாள். மதுவந்தி சரி என்றாள். அவ்வளவுதான், சரி. பழைய மதுவந்தியாக இருந்தால் பரணிலிருந்து இறக்க வைத்திருப்பாள்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு மதுவந்தியின் குரலே சரியில்லை. பத்மஜா துருவித் துருவிக் கேட்டதில் வெளியே வந்தது. அவள் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு ஏரிக்கரையில் ஒரு சின்ன மரவீடு உண்டாம். அங்கே வெட்டவெளியில் விறகு மூட்டிக் காப்பி போடுகிற ஒரு கெட்டில். உள்ளே சுத்தம், வெளியே கன்னங்கரேலென்று புகைக் கரி. மதுவந்தி போன புதிதில், இத்தனை பிரியமாக இருக்கிறார்களே, நாமும் ஏதாவது செய்வோம் என்று, ஏரித் தண்ணீரும் மணலும் கம்பி நாருமாக உட்கார்ந்து அதைத் தேய்த்து, நம் வீட்டுப் பூஜைப் பாத்திரம் மாதிரிப் பளபளவென்று ஆக்கி வைத்திருக்கிறாள். அந்த வீட்டு அம்மாள் ஹெலெனா வந்து பார்த்தாள். கொஞ்சம் நின்றாள். நன்றாக இருக்கிறது என்றாள். இப்போது வேட்டைக் காலத்தில் உறவுக்காரர்களெல்லாம் கூடியிருக்கிறார்கள். மதுவந்தி அந்தக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் காப்பி ஊற்றியிருக்கிறாள். ஒரு கிழவர் கெட்டிலைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாராம். அதில் படிந்திருந்த கரி அவருடைய அப்பா காலத்திலிருந்து சேர்ந்ததாம். அதைக் கழுவவே மாட்டார்களாம். கரி ஏற ஏறத்தான் அதற்கு மதிப்பாம்.

"கரியைத் தேய்ச்சதுக்கு நான் அழலைம்மா" என்றாள் மதுவந்தி. "அவா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியலை. நான் பெருமையா அதைத் தூக்கிண்டு அலைஞ்சிருக்கேன், பார்த்துண்டு சும்மா இருந்திருக்கா. அன்னிக்கே ரெண்டு திட்டுத் திட்டியிருந்தா நான் அவாத்துப் பொண்ணு. திட்டலைன்னா நான் யாரு?"

பத்மஜா போட்டு வைத்த முடிச்சு பலித்துவிட்டது, ஆனால் தலைகீழாக. திட்டினால் அங்கே திட்டுவார்கள் என்றுதானே பயந்தாள். இங்கே திட்டாமல் இருந்தது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றினது நியாயமா இல்லையா என்று யார் சொல்ல முடியும். போனை வைத்ததும் நேரே உள்ளே போனாள். மிஞ்சியிருந்த ஆண் மரப்பாச்சியை எடுத்துக்கொண்டு ஆய்னோ முன்னால் மேஜையில் வைத்தாள்.

ஆய்னோ பேச்சுக்குப் படம் அடுக்கிக்கொண்டிருந்தாள். படித்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சிவப்புப் புடவை கட்டின மரப்பாச்சியை இரண்டு கையிலும் ஏந்தியிருக்கிற படம் எதிரே திறந்திருந்தது.

பத்மஜா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டோம் என்று தெரியும். இது ஜோடி என்று ஆரம்பித்தாள். சாவித்ரியின் அத்தையிலிருந்து மதுவந்தியின் தொட்டில் வரைக்கும், லக்ஷ்மிக்கு ஏன் வரவில்லை என்பது வரைக்கும், கோர்வை தப்பித் தப்பிச் சொன்னாள். படுக்க வைத்தால் மறுநாள் எழுப்ப வேண்டும், அது ஆற்றுக்குப் போகிற பொம்மை இல்லை, இனிமேல் வராது என்றாள்.

ஆய்னோ படத்தைப் பார்த்தாள், பொம்மையைப் பார்த்தாள். தெருவில் ஒரு ரிக்ஷா மணி அடித்துக்கொண்டு போய், அது ஓய்ந்து, ரயில் ஒன்று ஸ்டேஷனில் நின்று கிளம்பிப் போனது. பத்மஜாவுக்கு வாயில் வார்த்தை முட்டிக்கொண்டு வந்தது. பரவாயில்லை, போனால் போகிறது, உன்மேல் தப்பில்லை என்று. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க நல்லதுன்னு சொன்னீங்க" என்றாள் ஆய்னோ கடைசியில்.

"சொன்னேன்."

"ஏன்?"

"பயம்" என்றாள் பத்மஜா. "உன்னைத் திட்டினா அங்கே என் பொண்ணைத் திட்டுவான்னு பயம்."

ஆய்னோ அதை நிதானமாக யோசித்தாள். பிறகு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுக் கீழே போனாள்.

ஆய்னோ ஷிப்ரா வீட்டுக்குத்தான் போகிறாள் என்பது காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. பத்மஜா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் ஷிப்ராவே மேலே வந்தாள். முகம் வாடியிருந்தது. நான் அந்தப் படித்துறையில் பக்கத்தில்தானே நின்றேன் மாமி, உங்கள் வழக்கம்போல என்று நினைத்து நானும் குலவை போட்டேனே என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் அழவில்லை என்றாள். சேஷாத்ரி பாபுவின் நம்பரைக் கேட்டு, பால்கனிக்குப் போய் ரொம்ப நேரம் பேசினாள் என்றாள்.

பத்மஜாவுக்கு அது போதும். வீடு மாற்றக் கேட்டாகிவிட்டது. ராத்திரி ஆய்னோ வந்து, பசியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். முன்னாலும் பேசாதவள்தான். ஆனால் இந்தப் பேசாமை எந்தப் பேசாமை என்று பத்மஜாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சேஷாத்ரிக்குப் போன் பண்ணிக் கேட்கலாம் என்று இரண்டு தரம் எடுத்தாள். எடுத்து வைத்துவிட்டாள்.

கூட்டத்தன்று ஹால் நிறைந்திருந்தது. லக்ஷ்மி முதல் வரிசையில் பட்டுப்புடவையும் கைப்பையுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியைத் தட்டி, வாடீ, உன் வெள்ளைக்காரப் பொண்ணு என்ன பேசறது பார்ப்போம் என்றாள். முதலில் ஒரு பையன் பேசினான், கை தட்டினார்கள். அப்புறம் ஆய்னோ. படம் திரையில் விழுந்தது. அதே படம். அவள் அதை நீக்கவில்லை.

லக்ஷ்மி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். திரையைப் பார்த்தாள். பத்மஜாவைப் பார்க்கவில்லை.

மேடையில் ஆய்னோ மைக்கின் முன்னால் பேசாமல் நின்றாள். ஜனங்கள் இருமினார்கள், நாற்காலியை நகர்த்தினார்கள், மைக் வேலை செய்யவில்லையோ என்று ஒருவர் எழுந்தே விட்டார்.

"நான் புரிந்துகொள்ள வந்தேன்" என்று அவள் ஆரம்பித்தாள். மெதுவான இங்கிலீஷ். "ரொம்ப சீக்கிரம் புரிந்துகொண்டேன். அதுதான் தப்பு." அப்புறம் நடந்ததை நடந்தபடி சொன்னாள். கிரிதர் ஆச்சு என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை. பின்வரிசையில் நின்றிருந்த கிரிதர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மாமி சொன்ன பொம்மைக் கதையைச் சேஷாத்ரி சாரிடம் சொல்லி, நான் முதலில் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கேட்டேன், அவர் சொன்னார் என்றாள். மேடையை விட்டு இறங்கி நேரே முதல் வரிசைக்கு வந்து லக்ஷ்மியின் எதிரே நின்றாள்.

"உங்க அம்மாவோட பொம்மை" என்றாள். இதை மட்டும் தமிழில் சொன்னாள். சேஷாத்ரியிடம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள் போல.

பத்மஜா எழுந்தாள். நாத்தனார் என்ன சொன்னாலும் அதைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று குறுக்கே போய் நிற்கத்தான் எழுந்தாள். கையோடு கொண்டு வந்திருந்த ஆண் மரப்பாச்சியைப் பையிலிருந்து எடுத்தாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. லக்ஷ்மி அதை வாங்கிக்கொண்டாள். வழக்கம்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவனுக்கு இனிமே யார்டீ சமைச்சுப் போடுவா?" என்றாள்.

பின்னால் ஒருத்தி சிரித்தாள். அது பரவி ஹாலே சிரித்தது. என்ன சொன்னாள் என்று ஆய்னோ சேஷாத்ரியைக் கேட்க, அவர் சொல்ல, அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பத்மஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. லக்ஷ்மியின் மோவாய் நடுங்குவதை அவள் பக்கத்திலிருந்து பார்த்தாள். சிரிப்பு அடங்கினதும் லக்ஷ்மி கைப்பையைத் திறந்தாள். மரப்பாச்சியைத் தன் கர்ச்சீப்பில் சுற்றி உள்ளே வைத்து மூடினாள்.

"இவனாவது எங்காத்துல இருக்கட்டும்" என்றாள். கேட்கிற குரல் இல்லை. பத்மஜா சரி என்றாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் பத்மஜாவும் ஆய்னோவும் மட்டும். அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு, சேஷாத்ரிக்கு வேற ஒண்ணுக்கும் போன் பண்ணலியே, வீடு மாத்தணும்னு கேட்கலியே என்று பத்மஜா கேட்டாள். ஆய்னோ அவளைத் திரும்பிப் பார்த்தாள். அது தோன்றவே இல்லை என்றாள். ஏரி வருகிறவரை யோசித்துவிட்டு, இனிமேல் நான் தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லுங்கள், காகிமா மாதிரி என்றாள்.

"ரசத்தைத் தட்டுல வச்சுக் குடிக்காதே. டம்ளர்ல வாங்கிக்கோ" என்றாள் பத்மஜா. வந்த நாளாகச் சொல்ல நினைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மதுவந்தி கூப்பிட்டாள். பத்மஜா பரண்மேல் ஏற்றினதாகச் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். பெண் போனது, ஆண் அத்தையிடம் போனது, இனி உன் கல்யாணத்துக்கு மரப்பாச்சி கிடையாது என்பதையும் சொன்னாள். அந்தப் பக்கம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று பத்மஜா போனைப் பார்த்தாள். போகவில்லை, மூச்சு கேட்டது. என்னவோ நல்ல வார்த்தையாகச் சொல்லிச் சமாளிக்க அவளுக்கு நாக்கு துடித்தது. சொல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

"நானும் ஹெலெனாகிட்டக் கேட்டுட்டேன்" என்றாள் மதுவந்தி ரொம்ப நேரம் கழித்து. "ஏன் திட்டலைன்னு. அவளுக்கும் பயமாம்மா. சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு பேருமா ஏரிக்கரைக்குப் போய் விறகு மூட்டறோம். கெட்டில்ல கரி ஏத்தணும். இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு."

"ஈர விறகா காஞ்ச விறகா?" என்று கேட்டாள் பத்மஜா. "கையைச் சுட்டுக்காதே. தலைமயிரை இழுத்து முடிஞ்சுக்கோ."